மருமவகிட்ட நான் ஆடின கள்ளாட்டம்

என் மீசையத்தான பாக்கீங்க? பாருங்க சார், தப்பில்ல. அம்பாசமுத்திரத்துல பஸ் ஏறுனதுல இருந்து நீங்க நாலாவது ஆளு. அது ஜிகினா. ரோஸ் கலர் ஜிகினா. சோப்புப் போட்டாச்சு, சீயக்காய் போட்டாச்சு, தேங்காயெண்ணெய் தேச்சுப் பாத்தாச்சு. இந்தப் பக்கம் எடுத்தா அந்தப் பக்கம் மினுங்குது.

உங்களப் பாத்தா நாலு எடம் போயி வந்த மனுசனாத் தெரியுது. அதனால கேக்கேன், நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. என்னயப் பாத்தா அஞ்சு வயசுப் பிள்ளகிட்ட கள்ளாட்டம் ஆடுத ஆளு மாதிரியா இருக்கு? இல்லல்லா? அதத்தான் நானும் சொல்லுதேன். ஆனா இன்னைக்குக் காலையில இருந்து எங்க சொந்தக்காரவுக அறுவது பேரு, பந்தி பரிமாற வந்த ஆளுக உட்பட, அப்படித்தான் பேசிச் சிரிச்சிக்கிட்டு இருக்காக.

நான் நயினார் சார். கடையம் பக்கம் ஹைஸ்கூல்ல பி.டி. மாஸ்டர். இருவத்திரண்டு வருசமா கபடி ரெஃப்ரி. ஜில்லா மேட்ச்சு, மண்டல மேட்ச்சு எல்லாம் பாத்திருக்கேன். ஒருக்க ஃபைனல்ல எங்க ஸ்கூல் பையனையே அவுட்டுன்னு கை தூக்குனேன். கோட்டுல கால் பெருவிரல் நகம் பட்டுட்டு. நகந்தானேன்னாங்க. நகம்னாலும் பட்டது பட்டதுதான சார்? ஹெட்மாஸ்டர் ஒரு மாசம் என் மொகத்துல முழிக்கல. நான் கவலப்படல. ஆட்டம்னா ஆட்டமா இருக்கணும்.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு வந்த சோதனையக் கேளுங்க.

எங்க தங்கச்சி கோமதிக்கு ஒரே மக. நறுமுகைன்னு பேரு. அவளுக்கு இன்னைக்குக் காதுகுத்து. எங்க பக்கம் ஒத்தப்படை வயசுலதான் குத்துவோம். ஒரு வயசுல நாள் குறிக்கும்போது கோமதிக்கு மஞ்சக்காமால. மூணு வயசுல பங்காளி வீட்டுத் தீட்டு. இப்ப அஞ்சு. இதுவும் தவறுனா ஏழு வயசாயிரும். குத்துதது எங்க வச்சு? தாய்மாமன் மடியில வச்சு. அது உங்களுக்கே தெரியும். தாய்மாமன் ரெண்டு பேரு. மூத்தவன் நான். சின்னவன் இசக்கிராஜ், துபாயில இருக்கான். மூத்தவன் இருக்கும்போது மடி என் மடிதான?

ஆனா பிள்ள என்ன சொல்லுதா தெரியுமா? "இசக்கி மாமா மடியிலதான் உக்காருவேன்." ஏன்னு கேட்டா, "நயினார் மாமா விசில் ஊதுவாரு." நான் எங்க சார் ஊதுனேன்? வீட்டுக்குள்ள ஓடாதன்னு ரெண்டு தடவ ஊதுனேன். அதுவும் மெதுவாத்தான்.

இசக்கி போனுலயே பிள்ளைய வளச்சுப் போட்டுட்டான். அவ ஒரு மினுமினுப்புப் பைத்தியம் பாத்துக்கிடுங்க. தேவத, மந்திரக்கோல், வானவில்லு, நெத்தியில கொம்பு மொளச்ச குதிர. குதிரைக்கு எதுக்குமா கொம்புன்னு கேட்டேன். "மாயம் பண்ண"ன்னா. சரிதான். பல்லு வெளக்குத பிரஷ்ல கூட அந்தக் குதிரதான். இசக்கி மாசத்துக்கு ஒரு பொட்டி அனுப்புவான், தொறந்தா வீடே தீவாளி மாதிரி மினுங்கும்.

கோமதி பட்டுன்னு சொல்லிட்டா. "அண்ணே, பிள்ளைய அமுக்கிப் பிடிச்சுக் குத்துத வேலை வேண்டாம். அவ தானா யாரு மடியில வந்து உக்காருதாளோ, அங்க குத்திருவோம். நீங்க கோவப்படக் கூடாது."

எனக்குச் சோறு எறங்கல சார். எனக்குக் கல்யாணம் ஆகல. டோர்னமெண்டு டோர்னமெண்டுன்னு அலைஞ்சதுல அது அப்படியே போயிட்டு. என் மடியில ஒரு பிள்ள உரிமையா உக்காந்து காது குத்தணும்னா அது இவதான். இவள விட்டா எனக்கு வேற யாரு இருக்கா?

சரி, மேல கேளுங்க. கோடை லீவு. ஒரு மாசம் கோமதி வீட்டுலயே டேரா போட்டேன். விளையாட்டுன்னா நமக்குத்தான தெரியும், விளையாட்ட வச்சே பிள்ளைய நம்ம பக்கம் இழுத்துருவோம்னு கணக்குப் போட்டேன். மொதல்ல ஒரு கேரம் போர்டு வாங்கிட்டுப் போனேன். நல்ல வழுவழுன்னு, மொகம் பாத்துத் தலை சீவலாம், அப்பிடி பாலீஷ். பிள்ள சுத்திச் சுத்தி வந்து பாத்தா. "மாமா, இதுல தேவத எங்க?"ன்னா. ஸ்ட்ரைக்கரக் காமிச்சேன். மொகத்தத் திருப்பிக்கிட்டா. இப்ப அந்தப் போர்டுலதான் கோமதி வடகம் காயப் போடுதா.

அப்புறம் ஒரு யோசனை. ஏணியும் பாம்பும் அட்டை ஒண்ணு வாங்கி, ரோஸ், ஊதா, வெள்ளி மூணு கலர்லயும் ஜிகினா வாங்கி, பசை தடவி நானே ஒட்டுனேன். பாம்புக்கெல்லாம் ஊதா, ஏணிக்கெல்லாம் வெள்ளி. அன்னைக்குப் பிடிச்சதுதான் சார் இந்த மீசை. மறுநாள் தென்காசியில மேட்ச்சு. அவுட்டுன்னு கை தூக்குதேன், ரெண்டு டீமும் அவுட்ட விட்டுட்டு என் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கானுவ. கைதட்டி விசிலடிச்சுட்டு ஒருத்தன், "சார், வெயில்ல நல்லா ஜொலிக்கீங்க"ங்கான். பிள்ளைக்கு அந்த அட்டை பிடிச்சுத்தான் இருந்துச்சு. ஆனா பசை காஞ்சு மேடும் பள்ளமுமாப் போயி, தாயக்கட்டை ஒரு எடத்துலயும் நிக்கல. உருட்டுனா உருண்டுக்கிட்டே அடுப்பங்கரைக்குப் போயிரும்.

பெறகுதான் திருநவேலிக்கு பஸ் ஏறுனேன். டவுண்ல ஒரு பெரிய பொம்மைக் கடை. அங்க ஜெபமலர்னு ஒரு பொண்ணு நின்னுச்சு. நல்ல பொண்ணுதான், ஆனா கேள்வி கேட்டே கொன்னுட்டு. "பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வருமா சார்? வராதுன்னா சீட்டுல எழுத்து நெறைய இருக்கத வாங்காதீங்க. ஒரு எடத்துல எத்தன நிமிசம் உக்காரும்? இருவது நிமிசத்துக்கு மேல போற ஆட்டம் வேண்டாம். சின்னச் சின்ன முத்து உள்ளது வேண்டாம், மூக்குக்குள்ள போட்டுக்கிடும். பொட்டியில மினுங்கும் சார், உள்ள ஒண்ணும் இருக்காது, தொறந்து பாத்து வாங்குங்க." நீங்க உங்க மகளுக்கு வாங்கப் போனாலும் இதையெல்லாம் கேட்டுக்கிடுங்க. நாலு வயசுன்னுதான சொன்னீங்க? நல்ல விசயம் பூரா அந்தப் பொண்ணு சொன்னதுதான்.

கடைசியா ஒண்ணு கேட்டுச்சு. "தோத்தா பிள்ள அழுமா சார்?" எனக்குச் சிரிப்பு வந்துட்டு. தோத்தா யாருதான் அழல? அதுக்காக ரிசல்ட்ட மாத்த முடியுமான்னேன். அது ஒரு பொட்டிய எடுத்துக் காமிச்சுச்சு. தேவதைக எல்லாரும் ஒரே கட்சியாம். கருமேகம் வாரதுக்குள்ள எல்லாரும் சேந்து அரமனைக்குப் போயிரணுமாம். ஜெயிச்சா எல்லாரும் ஜெயிப்பாங்களாம்.

"அப்ப எதிர் டீம் யாரும்மா?"ன்னேன்.

"மேகம் சார்."

"மேகம் கோட்ட மிதிச்சா யாருகிட்டச் சொல்லுதது?"

அந்தப் பொண்ணு என்னயவே பாத்துச்சு. "பிள்ளைக்குத்தான வாங்குதீங்க?"ன்னுச்சு. பிள்ளைக்குத்தான்! வேற யாருக்கு? ஆட்டம்னா ஒருத்தன் ஜெயிக்கணும், ஒருத்தன் தோக்கணும். அப்படி ஒண்ணு குடும்மான்னேன். குடுத்துச்சு.

என்னா பொட்டி சார் அது! தொறந்தாலே கண்ணு கூசும். வானவில்லு மாதிரி வளைஞ்சு போற பாதை. நாலு கொம்புக் குதிர. பாதை முடியுத எடத்துல பளிங்கு அரமனை. தாயக்கட்டை கூட கண்ணாடி மாதிரி, உள்ள ஜிகினா மிதக்கும். அரமனைக்கு மொதல்ல போறவங்களுக்குத் தலையில வைக்க நெசமாவே ஒரு கிரீடம், கல்லு வச்சது. பிள்ள பாத்த உடனே ஒரு குதி குதிச்சா பாருங்க, ஷெல்ஃபுல இருந்த டம்ளர் ஆடிட்டு. என் கழுத்தக் கட்டிக்கிட்டு "மாமா மாமா மாமா"ன்னா. ஆகா, மடி நமக்குத்தான்டா நயினாருன்னு நெனச்சேன்.

அன்னையில இருந்து ஆட்டந்தான். காப்பி குடிச்சா ஆட்டம், சாப்ட்டா ஆட்டம். பொட்டியில விதி நாலு பக்கம் போட்டிருந்துச்சு. நான் ராத்திரியோட ராத்திரியா மனப்பாடம் பண்ணிட்டேன். கட்டை அட்டைய விட்டு வெளிய விழுந்தா செல்லாது. குதிரயத் தொட்டுட்டா எடுத்தே ஆகணும். விசில் கழுத்துலதான் தொங்கும். ஊதுவேன். ஊதாம எப்பிடி?

மொத்தம் முப்பத்தெட்டு ஆட்டம். நான் ஜெயிச்சது முப்பத்தொண்ணு.

ஏன் சார் அப்படிப் பாக்கீங்க? கட்டை எனக்கு விழுந்துச்சு. அவ ஏழு ஜெயிச்சிருக்கா, அதுவும் அவளாவே ஜெயிச்சது. நான் ஜெயிச்ச தடவையெல்லாம் கிரீடத்த எந்தலையில வச்சுக்கிடுவேன். விதியில அப்பிடித்தான போட்டிருக்கு? ஒருநா கரண்டு மீட்டர் பாக்க ஆளு வந்தாரு. நான் கிரீடத்தோட எந்திரிச்சுப் போயி கதவத் தொறந்தேன். அவரு மீட்டரயே பாக்காம ஏதோ எழுதிட்டுப் போயிட்டாரு. கோமதி தலையில அடிச்சுக்கிட்டா. "அண்ணே, நீங்க கெட்டிக்காரர்தான். பிள்ளகிட்ட ஜெயிச்சுக் கிரீடம் வச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, இப்பிடி இருந்தா அவ எப்படி மடிக்கு வருவா? ஒருக்க ரெண்டுக்க தோத்துத்தான் தொலைங்களேன்."

"வேணும்னு தோக்கதும் கள்ளாட்டந்தான் கோமதி"ன்னேன். அவ உள்ள போயிட்டா.

பிள்ள அழல, அதையும் சொல்லணும். அழவே மாட்டா. நான் குதிரய நகத்தும்போது என் கையவே முறைச்சுப் பாத்துக்கிட்டு உதட்டுக்குள்ள முணுமுணுப்பா. என்னயத் திட்டுதான்னு நெனச்சுக்கிட்டேன். தோத்த உடனே, "இன்னொரு ஆட்டம்"பா. வீம்பு புடிச்சது, எங்க அம்மா வழி.

போன திங்கக்கெழமை இசக்கி வந்து எறங்குனான். ஒரு சூட்கேஸ் நெறைய மினுமினுப்பு. நடந்தா லைட் எரியுத செருப்பு, பாட்டுப் பாடுத மந்திரக்கோல். பிள்ள அவன் தோள விட்டு எறங்கல. எனக்கு வயிறு எரிஞ்சுட்டு, உள்ளதச் சொல்லுதேன். ரெண்டு பேரும் என் ஆட்டத்த வச்சு விளையாண்டாக. அவன் வேணும்னே குதிரயத் தப்புத் தப்பா வச்சு அஞ்சு ஆட்டம் தோத்தான். கிரீடத்த அஞ்சு தடவையும் அவ தலையில வச்சுக் கைதட்டுனான். பாத்துக்கிட்டு நிக்க முடியல சார், ஒரு விசில் ஊதிட்டு வெளிய போயிட்டேன். பிள்ள பின்னாலயே ஓடி வந்தா. "மாமா, இசக்கி மாமாவுக்கு ஆடவே தெரியல. நீங்க வாங்க"ன்னா. பாவம், ஆளில்லாமக் கூப்பிடுதான்னு நெனச்சுப் போனேன்.

இன்னைக்குக் காலையில சாஸ்தா கோயில். வெள்ளிக்கெழமை, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னால குத்தி முடிக்கணும். ஆசாரி ஊசி, சந்தனம், வாழையெல எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டாரு. மணையில யாரு உக்காந்திருக்கா? இசக்கி. பட்டு வேட்டி, செண்டு வாசன, மடிய விரிச்சு வச்சுக்கிட்டு. நான் ஒரு ஓரமா தூணுல சாஞ்சு நிக்கேன். எம்மொகம் எப்பிடி இருந்திருக்கும்னு நீங்களே நெனச்சுக்கிடுங்க.

பிள்ள ஊசியப் பாத்தா. எடுத்தா பாருங்க ஓட்டம்! லைட்டுச் செருப்பு பளிச்சு பளிச்சுன்னு எரிய, கோயில் மண்குதிர காலுக்கு நடுவுல போயி உக்காந்துக்கிட்டா. இசக்கி கூப்பிட்டான், வரல. கோமதி கூப்பிட்டா, வரல. அவ அப்பா, எங்க மச்சான், ஐஸ்கிரீம்னாரு, வரல. மணி பத்து.

"நயினார் மாமா வரட்டும்"னு சத்தம் வந்துச்சு. ஓடுனேன் சார். வேட்டி தடுக்க ஓடுனேன். குனிஞ்சு பாத்தா, மடியில அந்த விளையாட்டுப் பொட்டி. கோயிலுக்குத் தூக்கிட்டு வந்திருக்கா. "ஒரு ஆட்டம் ஆடுனா வாரேன்"ங்கா.

மண்குதிர முன்னால அட்டைய விரிச்சோம். சுத்தி அறுவது பேரு. ஆசாரி கையில ஊசியோட நிக்காரு. அய்யரு மந்திரத்த நிறுத்திட்டு எட்டிப் பாக்காரு. கட்டை உருளுது, "ஓ"ங்காக. எங்க ஸ்கூல் ஃபைனலுக்குக் கூட இவ்வளவு கூட்டம் இல்ல. பிள்ளைக்கு அரமனைக்கு இன்னும் மூணு கட்டம். எனக்கு அஞ்சு கட்டம். என் முறை. உருட்டுனேன்.

அஞ்சு.

எல்லாரும் கட்டையப் பாக்கல, என்னயப் பாக்காக. மச்சான் இருமுதாரு. கோமதி ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டா. நான் பிள்ள மொகத்தப் பாத்தேன். வேர்த்துப் போயி, பொட்டு கலைஞ்சு, கண்ணு ரெண்டும் என் கையிலயே இருக்கு. நான் ஜெயிச்சா இவ வர மாட்டா, ஏழு வயசுக்கு யாரு கண்டா, இசக்கி மடியோ எவன் மடியோ. இருவத்திரண்டு வருசமா கோட்டப் பாத்த ஆளு சார் நான். குதிரய எடுத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. வச்சுட்டேன். நாலாவது கட்டத்துலயே வச்சுட்டேன்.

அடுத்த நிமிசம் என் கழுத்துல கை வந்துச்சு. விசிலப் புடிச்சு இழுத்து, என் மூக்குக்கு நேரா நின்னு ஊதுனா. கோயில் புறாவெல்லாம் பறந்துட்டு.

"ஃபவுல்! மாமா, அஞ்சு விழுந்துச்சு. நீங்க நாலுதான் வச்சீங்க!"

சிரிச்சாக சார். அறுவது பேரும் மண்ணுல பொரண்டு சிரிச்சாக. பிள்ளைக்குச் சந்தோசம் தாங்கல, சுத்திச் சுத்தி ஆடுதா. "மாமா ஃபவுல், மாமா ஃபவுல்!" கிரீடம் ஜெயிச்சப்பக் கூட அவ அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. எனக்கு மானம் போயிட்டு. அவ என் கையப் புடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போறா. நேரா மணைக்கு. "இசக்கி மாமா, எந்திரிங்க. இது ஃபவுல் பண்ணவங்க உக்காருத எடம்." துபாய்க்காரன் பட்டு வேட்டியத் தட்டிட்டு எந்திரிச்சான். "நயினார் மாமா, உக்காருங்க. நான் விசில் ஊதுத வரைக்கும் அசையக் கூடாது." உக்காந்தேன். நான் எந்திரிச்சு ஓடிருவேன்னு நெனச்சாளோ என்னவோ, ஏறி எம்மடியில உக்காந்துட்டா.

எம்மடியில சார்.

ஆசாரி கெட்டிக்காரரு, பேசிக்கிட்டே வலது காத முடிச்சுட்டாரு. கத்துனா பாருங்க! "போதும், மாமாவுக்கு ஃபவுல் முடிஞ்சிட்டு"ன்னு விசில ஊதிட்டு எறங்கப் பாக்கா. மணி பத்து இருவது. ஒத்தக் காதோட பிள்ளைய எப்பிடி விடுதது? அமுக்கிப் புடிக்க எனக்கு மனசு வரல. வாயில என்ன வந்துச்சோ அதச் சொன்னேன். "பாப்பா, மாமா நேத்தும் கள்ளாட்டம் ஆடுனேன்மா. முந்தாநாளும் ஆடுனேன். நெறைய ஃபவுல் பண்ணியிருக்கேன்."

சத்தமாச் சொல்லிட்டேன் போல. கோமதி வாயில கைய வச்சா. பிள்ள என் மொகத்தையே கொஞ்ச நேரம் பாத்தா. பெறகு திரும்ப உக்காந்து எஞ்சட்டையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. எடது காதும் முடிஞ்சுட்டு. பத்து இருவத்தஞ்சு.

அதுல ஆரம்பிச்சதுதான். பந்தியில இசக்கி, "அண்ணே, அப்ப முப்பத்தொரு ஆட்டமும் அந்தக் கணக்குத்தானா?"ங்கான். மச்சான், "ரெஃப்ரி சார், சாம்பார்ல உப்பு இருக்கா? உண்மையச் சொல்லணும்"ங்காரு. நேத்தும் ஆடல, முந்தாநாளும் ஆடல, எந்நாளும் ஆடலன்னு நான் எப்பிடிச் சொல்ல? சொன்னா பிள்ளகிட்டப் பொய் சொன்னதா ஆயிரும்லா?

ஒண்ணு மட்டும் யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்டச் சொல்லுதேன், கடையம் வந்துட்டு, நான் எறங்கணும். பஸ் ஏத்திவிட மச்சான் பிள்ளையத் தூக்கிட்டு வந்தாரு. ரெண்டு காதுலயும் சந்தனம். குனியுங்க மாமான்னா. குனிஞ்சேன். என் காதுல ரகசியம் பேசுதா:

"நேத்து நீங்க கரெக்டாத்தான் ஆடுனீங்க. முந்தாநாளும். நான் எல்லாத்தையும் எண்ணுனேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. "பெறகு ஏம்மா திரும்ப உக்காந்த?"ன்னேன்.

"நீங்க அழுதீங்கல்லா மாமா. அதான்."

நான் அழல சார். அறுவது பேரு பாத்துக்கிட்டு இருந்தாக, யாரும் அப்பிடிச் சொல்லல. ஆனா அந்தப் பிள்ள கணக்குத் தப்பாது.